மஜும்தார்: கணக்கேட்டிலிருந்து வந்த குடும்பப் பெயர்

அவையோருக்கு வணக்கம்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியை நீங்கள் அறிவீர்கள். பட்டா மாற்றம் கேட்டு மனுவோடு வரிசையில் நின்றவர்களும் இங்கே இருப்பீர்கள். அந்த ‘ஜமா’ அரபுச் சொல், ஒன்றுசேர்ப்பதைக் குறிப்பது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ, ஊர் ஜமாஅத் எல்லாம் அதே வேரில் பிறந்தவை. தொகுப்பு என்று பொருள்படும் ‘மஜ்மூஆ’வும் அப்படித்தான். அதனோடு பாரசீகத்தின் ‘தார்’, நம் தாசில்தாரில் இருக்கிறதே அந்தத் ‘தார்’, சேர்ந்தபோது கணக்குத் தொகுப்பைப் பொறுப்பில் வைத்திருப்பவர் மஜும்தார் ஆனார்.

பெயரைக் கேட்டவுடன் மதத்தை முடிவுகட்டிவிடும் வழக்கம் இன்று பெருகிவருகிறது. அது என்னை வருத்துகிறது. அதனால்தான் இந்தப் பெயரைப் பேச எடுத்துக்கொண்டேன்.

முகலாயர் காலத்து வங்காளத்தில் வருவாய்க் கணக்கு பாரசீகத்தில் எழுதப்பட்டது. அதைக் கற்றவருக்கு உத்தியோகம் கிடைத்தது. பிராமணரும், எழுத்தர் சாதியினரான காயஸ்தரும், முஸ்லிம்களும் கற்றார்கள். உத்தியோகம் பட்டமாகி, பட்டம் பிள்ளைகளின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1837-ல் கம்பெனி அரசு பாரசீகத்தை அலுவல் மொழி நிலையிலிருந்து அகற்றியது. பெயரோ அகலவில்லை.

மராட்டியத்தின் கதை இன்னும் சுவையானது. சிவாஜியின் அரசில் வரவு செலவைக் கவனித்த அமைச்சருக்கு முஜும்தார் என்றே பெயர். 1674-ல் ராய்கட்டில் முடிசூடியபோது சிவாஜி பதவிப் பெயர்களை வடமொழிக்கு மாற்றினார். முஜும்தார் அமாத்யர் ஆனார். அரசு ஆவணங்களைக் கவனித்த சுர்னிஸ் சசிவர் ஆனார். வெளியுறவைக் கவனித்த டபீர் சுமந்தர் ஆனார். ஆட்சியில் புழங்கிய பாரசீக, அரபுச் சொற்களுக்கு ஈடாக ‘ராஜவியவகார கோசம்’ என்ற அகராதியே தொகுக்கப்பட்டது. முடிமன்னர் முனைந்து மாற்றியும், வீட்டுக்குள் போய்விட்ட பெயரை மாற்ற முடியவில்லை. மும்பை ரஞ்சி அணிக்கு ஆடிய அமோல் முஜும்தாரை எண்ணிப் பாருங்கள். 2025-ல் உலகக் கோப்பையை வென்ற இந்திய மகளிர் அணியின் பயிற்சியாளர் அவர்தான்.

பெங்களூரில் 1978-ல் பயோகான் என்ற உயிரித்தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கிய கிரண் மஜும்தார் ஷா குஜராத்திக் குடும்பத்தில் பிறந்தவர். வரலாற்றறிஞர் ஆர். சி. மஜும்தார் டாக்கா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். நிலவரிக் கணக்கர்களின் பெயரைச் சுமந்த சாரு மஜும்தாரோ, 1967-ல் மேற்கு வங்கத்தின் நக்சல்பாரியில் நிலவுடைமையாளர்களை எதிர்த்து எழுந்த உழவர்களுக்குக் கொள்கை வகுத்தார்.

இருவரை மட்டும் சொல்லி முடிக்கிறேன். 1916-ல் லக்னோவில் காங்கிரசும் முஸ்லிம் லீக்கும் உடன்பாடு கண்டன அல்லவா? அந்தக் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அம்பிகா சரண் மஜும்தார், ஓர் இந்து. 2024-ல் வங்கதேசத்தின் இடைக்கால அரசு அமைத்த தேர்தல் சீர்திருத்த ஆணையத்தின் தலைவராக இருந்தவர் பதியுல் ஆலம் மஜும்தார், ஒரு முஸ்லிம். இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர்.