கார்சியாவின் கிட்டார்: டேப்பில் ஏறாதது

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் கிட்டார்காரர் ஜெர்ரி கார்சியா 1995இல் போய்ச் சேர்ந்தார். அவர் மேடையில் வாசித்த கிட்டார் இசையை இன்றுவரை காத்து வைத்திருப்பது ரசிகர்கள் பகிரும் நினைவா, டேப்பா என்பதுதான் தலைப்பு. நான் நினைவின் கட்சி.

எதிரணித் தோழர் என்ன சொன்னார்? "கிரேட்ஃபுல் டெட் குழு 30 வருஷத்தில் 2,300 கச்சேரி போல வாசித்தது. பெரும்பாலானவற்றுக்கு டேப் இருக்கிறது. 1984 அக்டோபரில் பெர்க்லியில், பதிவு செய்ய வரும் ரசிகர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கிவிட்டார்கள். அப்புறம் நினைவு எதற்கு?" கேட்டுவிட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு போனார். வாங்கட்டும். அந்த டேப்பையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

90 நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிஷம். இவர்களோ கச்சேரியின் பின்பாதியில் பாட்டோடு பாட்டைக் கோத்து ஒரு மணி நேரம் நிறுத்தாமல் போவார்கள். கார்சியா உச்சத்துக்கு ஏறும்போதுதான் 'டக்' என்று பக்கம் தீரும்! இருட்டில் திருப்பிப் போட வேண்டும். புதுப் பக்கத்தின் முதல் சில நொடிக்கு வெற்று நாடா, அதில் எதுவும் பதியாது. விவரம் தெரிந்தவர்கள் பென்சில் விட்டு அதை முன்பே சுற்றி வைப்பார்கள். மற்றவர்கள் டேப்பில் அங்கே ஓட்டைதான். பேட்டரி இறங்கினால் இன்னும் வேடிக்கை: மோட்டார் மெதுவாக ஓடும், மெதுவாகப் பதிந்ததை வீட்டில் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிவிடும். கேட்பவர், "அன்றைக்கு ஆள் என்ன வேகம் பார்த்தீர்களா!" என்பார். வேகம் ஆளுக்கு இல்லை, தீர்ந்துபோன பேட்டரிக்கு.

மேடை ஒலிகளையெல்லாம் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்ஸரிலிருந்து நேராக எடுத்த டேப் சுத்தம் என்பீர்கள். சுத்தம்தான். ஆனால் சின்ன அரங்கில் கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் சத்தமே கடைசி வரிசைவரை போய்விடும் என்பதால், மிக்ஸரில் கிட்டாரைக் கொஞ்சமாகத்தான் ஏற்றுவார்கள். பாடுகிற குரலுக்கோ மிக்ஸரை விட்டால் வேறு வழி கிடையாது. ஆக, அந்த டேப்பில் குரல் காதுக்குள் இருக்கும், கிட்டார் பக்கத்து வீட்டில் இருக்கும்.

கார்சியாவின் கைக்கு வருகிறேன். மியூ-ட்ரான் என்று, கிட்டாரின் ஒலியை மாற்றும் ஒரு எஃபெக்ட் பெட்டி. கம்பியை எவ்வளவு பலமாக மீட்டுகிறோமோ அவ்வளவு வாயைத் திறந்து 'வ்வாவ்' என்னும். கிட்டாரில் வால்யூமைக் குறைத்தால் அது பாதி வாயோடு நின்றுவிடும். அதற்குத்தான் 1979இல் வந்த அவருடைய 'டைகர்' கிட்டாரில் ஒரு ஏற்பாடு: கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் சத்தம் குறையாமல் முதலில் பெட்டிகளுக்குப் போகும், கிட்டாருக்கே திரும்பி வரும், அதன் பிறகுதான் வால்யூம் குமிழ். எவ்வளவு குறைத்தாலும் 'வ்வாவ்' மாறாது. பெட்டிகளைச் சேர்க்கவும் விலக்கவும் சுவிட்சும் கிட்டாரிலேயே இருந்தது. டேப்பில் ஒலி மாறியது மட்டும்தான் தெரியும். நடுவிரலில் பாதிக்குமேல் இல்லாத அந்த வலக்கை எந்த இடத்தில் சுவிட்சைத் தட்டியது, எப்போது குமிழைத் திருகியது என்பதை முன்வரிசையில் நின்ற கண்தான் சொல்ல வேண்டும்.

நினைவு பிசகும், ஒப்புக்கொள்கிறேன். வருஷம் மாறும், ஊர் மாறும், போகாதவரும் போனேன் என்பார். ஆனால் கேசட் அட்டையில் தேதி எழுதியது மெஷினா? நகலுக்கு நகல் போகும்போது இரைச்சலோடு சேர்ந்து தப்புத் தேதியும் ஏறியது. பலர் அவரவர் குறித்து வைத்திருந்த பாட்டு வரிசையை ஒப்பிட்டு ரசிகர்களே திருத்தினார்கள். 1987இல் அதைப் புத்தகமாகவே போட்டார்கள்.

இனி எதிரணியின் பிரம்மாஸ்திரம்: 1977 மே 8, இத்தாகா, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் அரங்கு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் ஏறிய கச்சேரி. பதிவு செய்தவர் குழுவின் ஒலிப்பதிவாளர், பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற பெண். சரி, முந்தின ராத்திரி பாஸ்டன், மறுநாள் பஃபலோ. அவற்றையும் பதிவு செய்தவர் அவரேதான். டேப்தான் காரணம் என்றால் மூன்றும் ஒரே தரம், கார்னெலுக்கு மட்டும் ஏன் இந்தப் பேர்? வாசிப்பு உசத்தி என்று சொல்லிப் பாருங்கள், பஃபலோ கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அன்று கார்னெலுக்குப் போனவர்கள், மே மாதத்தில் பனி கொட்டிய கதையோடு ஊர் திரும்பினார்கள். டேப் கைமாறிய இடமெல்லாம் அந்தக் கதையும் கூடவே போனது.

அடுத்து வரும் எதிரணித் தோழர் அந்த டேப்பை இங்கே போடட்டும். எத்தனையாவது நிமிஷத்தில் பனி பெய்கிறது என்று காட்டட்டும். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.