நட்டநடுவில் ஒரு வளையம்

அவையோருக்கு வணக்கம்.

ஈ.கோலை பாக்டீரியாவில் சில திரிபு வகைகள் உண்டு. 30 டிகிரி செல்சியஸில் ஒழுங்காகப் பிளந்து பெருகும். 42 டிகிரிக்கு ஏற்றினால் வளர்ச்சி நிற்காது, பிளப்பு மட்டும் நின்றுவிடும். செல் நீண்டு நீண்டு இழையாகிவிடும். இந்தத் திரிபுகளின் வழியே பிடிபட்ட மரபணுக்களுக்குத்தான் 'எஃப்டிஎஸ்' என்று பெயர். வெப்பம் பட்டால் இழையாவது என்று பொருள். அவற்றில் இசட் என்ற எழுத்தைத் தாங்கிய எஃப்டிஎஸ்-இசட்மீது எனக்குத் தனி வாஞ்சை.

1991-இல் எர்ஃபெய் பீ, ஜோ லட்கென்ஹாஸ் என்ற இரு ஆய்வாளர்கள், அந்த மரபணு உருவாக்கும் புரதம் செல்லுக்குள் எங்கே இருக்கிறது என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடினார்கள். பிளக்கப்போகும் இடத்தில், சவ்வின் உட்புறத்தை ஒட்டி வளையமாக நின்றது! மற்ற புரதங்கள் அதை நம்பித்தான் வந்து சேர்கின்றன. எஃப்டிஎஸ்-ஏ என்ற புரதம் அதைச் சவ்வோடு பிணைக்கிறது. எஃப்டிஎஸ்-ஐ என்ற புரதம் புதுச்சுவர் எழுப்புகிறது. செஃபலெக்சின் மருந்து முடக்குவது இதைத்தான்.

சரி, நடு எது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? ஈ.கோலையில் மின்-டி என்ற புரதம் ஒரு முனையில் திரளும், கலையும், மறுமுனையில் திரளும். ஒரு நிமிடம் போல ஆகும், ஒரு முறை போய்வர. அதோடு ஒட்டிப் பயணிக்கும் மின்-சி, போகுமிடமெல்லாம் வளையத்தைத் தடுக்கும். இரு முனைகளிலும் தடை ஓங்கி நிற்க, நடுவில்தான் அது மிகக் குறைவு. அளவுகோல் இல்லை, அலைதான் அளக்கிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்த வளையப் புரதம் ஏறத்தாழ எல்லா பாக்டீரியாக்களிலும் உண்டு. தாவரங்களின் பசுங்கணிகத்திலும் உண்டு. அதுவும் ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்ததுதானே. 1998-இல் இதன் முப்பரிமாண வடிவம் வெளிவந்தபோது, நம் செல்களின் உள்சட்டகப் புரதமான டியூபுலின் மடிந்திருக்கும் விதமும் இது மடிந்திருக்கும் விதமும் ஒன்றாக இருந்தன. அமினோ அமில வரிசையில் ஒற்றுமை மிகக் கொஞ்சம். வரிசை தேய்ந்துபோன பிறகும் வடிவம் பிழைத்திருக்கிறது. மரபணுக்களை எழுத்து எழுத்தாக மட்டும் ஒப்பிட்டால் இந்த உறவு எளிதில் கண்ணில் படாது.

இவ்வளவு பழமையானதை எந்த பாக்டீரியாவும் கைவிடாது என்று எண்ணிவிட வேண்டாம். கிளமிடியா என்ற பாக்டீரியாவிடம் எஃப்டிஎஸ்-இசட் கிடையாது. சுவர் எழுப்பும் எஃப்டிஎஸ்-ஐ இருக்கிறது, பிளப்பில் பங்கேற்கும் இன்னொரு புரதமான எஃப்டிஎஸ்-கே இருக்கிறது. வளையம் அமைக்கும் வேலையை அங்கே, நம் செல்களின் இன்னொரு சட்டகப் புரதமான ஆக்டினின் உறவுக்காரப் புரதமான எம்ஆர்இ-பி ஏற்றுக்கொண்டிருக்கிறது.