ஒரு மாதத்தில் பத்து கிலோ குறைக்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

வணக்கம். இந்த வாரம் நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது காத்திருக்க முடியாத கேள்வி. எழுதியவருக்கு வயது 22. மேடை நாடகத்தில் நடிக்கிறார். சினிமாவில் ஒரு பாத்திரத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு மாதத்தில் பத்து கிலோ குறைத்துவிட்டு வந்தால் பாத்திரம் உங்களுக்குத்தான் என்று சொன்னார்களாம். "குறைக்கலாமா அக்கா? அப்புறம், படமே இல்லாத காலத்திலும் சந்தோஷமாக இருந்தேன் என்று ஒரு பேட்டியில் சொன்னீர்களே, அது எப்படி முடிந்தது?" என்று கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில், வேண்டாம். நான் செய்து பார்த்துப் பட்டவள் என்பதால் சொல்கிறேன்.

அப்போது எனக்கு 24 வயது. என் பெயர் போஸ்டரில் வரப்போகும் முதல் படம். ஆறு வாரத்தில் இளைக்க வேண்டும் என்றார்கள். நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிட்டேன். முதல் வாரத்திலேயே மூன்று கிலோ குறைந்தது. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! அதில் பெரும்பகுதி தண்ணீர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நம் கல்லீரலும் தசைகளும் சர்க்கரையை கிளைகோஜன் என்ற வடிவத்தில் சேமித்து வைக்கின்றன. ஒரு கிராம் கிளைகோஜன் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டை நிறுத்தினால் முதலில் அதுதான் செலவாகும், தண்ணீரும் கூடவே போய்விடும். மறுபடி ஒழுங்காகச் சாப்பிட்டதும் அந்த எடை திரும்பி வரும். நாம் நம்மைத்தான் திட்டிக்கொள்வோம்.

மூன்றாவது வாரத்தில் எடை இறங்குவது நின்றது. நான் இன்னும் குறைத்தேன். அடுத்து மாதவிலக்கு நின்றது. ஷூட்டிங் டென்ஷன் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டு நான்கு மாதம் டாக்டரிடம் போகவில்லை. அதற்குள் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்துவிட்டது. பட்டினி கிடந்தது முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டும் என்பதால், இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். போதிய சாப்பாடு வராதபோது உடம்பு உயிர் பிழைக்கத் தேவையில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். மாதவிலக்கு நிற்பதும் அப்படித்தான். அதோடு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது, ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வலுவிழக்கும். பெண்களுக்கு எலும்பு வலுவாகச் சேர்வது ஏறக்குறைய முப்பது வயது வரைதான், அப்போது சேர்த்து வைத்ததை வைத்துத்தான் மிச்ச வாழ்க்கையை ஓட்ட வேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனால்தான் 22 வயதில் நீங்கள் கேட்டதும் பதறினேன்.

உடம்பை விடுங்கள், நடிப்பு என்ன ஆனது தெரியுமா? அந்தப் படத்தில் ஒரு காட்சி. எதிரில் இருப்பவர் இரண்டு நிமிடம் பேசுவார், நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். பதினொரு டேக் போனது. மானிட்டரில் பார்த்தேன். மெலிந்த, அழகான முகம்தான். ஆனால் அந்த முகம் எதையும் கேட்கவில்லை. பசியில் இருப்பவளுக்கு அடுத்தவர் பேச்சு காதில் ஏறாது. நீங்கள் மேடையில் நடிப்பவர், கேட்பதுதான் நம் வேலையில் பாதி என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, பாத்திரத்துக்காக உண்மையிலேயே எடை குறைக்க வேண்டியிருந்தால்? குறைக்கலாம். வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை என்பதுதான் பொதுவாக மருத்துவர்கள் சொல்லும் அளவு. அப்படிப் பார்த்தால் ஒரு மாதத்தில் இரண்டு முதல் நான்கு கிலோ. பத்து கிலோவுக்கு இரண்டரை மாதமாவது வேண்டும். அதுவும் உங்களுக்குக் குறைக்கப் பத்து கிலோ இருக்கிறதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், காஸ்டிங் செய்பவர் சொல்லக் கூடாது.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். பெரிய ரகசியம் எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, கூடவே இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. நான் வேகமாக நடக்கிறேன். வாரம் மூன்று நாள் எடை தூக்குகிறேன். எடை தூக்கினால் உடம்பு முரட்டுத்தனமாகிவிடும் என்று பயந்து பல வருடங்களை வீணாக்கினேன், அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். கனமான உடையைப் போட்டுக்கொண்டு பத்து மணி நேரம் நிற்பதற்கு அந்தத் தசைதான் உதவுகிறது. எலும்புக்கும் அதுதான் நல்லது.

எனக்கு இன்னும் கஷ்டமாக இருப்பது தூக்கம். நைட் ஷூட் முடித்து விடிந்த பிறகு வீட்டுக்கு வந்தால், வெளிச்சத்தைப் பார்த்ததுமே உடம்பு எழுந்துகொள்ளப் பார்க்கும். அதனால் வரும் வழியிலேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், அறையில் கனமான திரை போட்டிருக்கிறேன். ஷூட்டிங்கின் பின்பாதியில் காபி குடிப்பதில்லை. குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் காபியின் காஃபீனில் பாதி உடம்பில் இருக்கும். ஏழு மணி நேரம் தூங்கிய நாளில் என் கோபம் பாதியாகிவிடுகிறது, இதை என் மேக்கப் கலைஞரே சொல்வார்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. படம் இல்லாமல் நான் பதினாலு மாதம் இருந்தேன். முதல் ஐந்து மாதம் சந்தோஷமாக இல்லை, அதைப் பேட்டியில் சொல்லாமல் விட்டது என் தப்பு. காலையில் எழுந்ததும் போனைப் பார்ப்பேன். குளிக்கும்போதும் போன் பக்கத்திலேயே இருக்கும். நம் தொழிலில் யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்கிறவர்கள் வேறு யாரோ. அது எனக்குத் தெரிந்திருந்தும், அன்றைக்கு நான் சிரிக்கலாமா வேண்டாமா என்பதையும் அவர்களிடமே விட்டுவைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஹாலிவுட் நடிகை கேத்தரின் ஹெப்பர்னைப் பற்றிப் படித்தேன். 1938இல் அமெரிக்காவில் தியேட்டர் உரிமையாளர்கள், இவர்கள் நடித்தால் வசூல் போய்விடும் என்று வெளியிட்ட நட்சத்திரப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அதற்கு முன்பே ஒரு ஆஸ்கர் வாங்கியவர். அடுத்த வருடம் அவர் மேடை நாடகத்துக்குத் திரும்பினார். சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை மொத்தம் நான்கு முறை வாங்கினார், கடைசியாக வாங்கியபோது வயது 74. எல்லாருக்கும் நான்கு ஆஸ்கர் கிடைக்காது. அவர் மேடைக்குப் போனதுதான் என்னைத் தொட்டது. நானும் ஒரு சின்ன நாடகக் குழுவில் சேர்ந்தேன். பணம் கிடையாது. வாரம் நான்கு மாலை ஒத்திகை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் நடிப்போம். ஆறாவது மாதத்திலிருந்து நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் அது முழு உண்மை.

அதே 1938இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. இளைஞர்கள் சிலரை எடுத்துக்கொண்டு, அவர்கள் கிழவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்தார்கள். ஆரம்பத்தில் ஆண்கள் மட்டும்தான், பிற்பாடு மனைவிகளையும் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். இன்றும் நடக்கிறது. ஐம்பது வயதில் தங்கள் உறவுகளில் நிறைவாக இருந்தவர்கள்தான் எண்பதில் அதிக ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று கண்டார்கள். ஐம்பதில் எடுத்த கொலஸ்ட்ரால் கணக்கைவிட அதுவே முன்கூட்டிச் சொல்வதில் சரியாக இருந்ததாம்.

எனக்கு இது அனுபவத்திலேயே தெரிந்தது. படம் இல்லாதபோது "அடுத்தது என்ன?" என்று கேட்காமல் என்னிடம் பேசியவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி பள்ளித் தோழி. என் படங்களில் பாதியை அவள் பார்த்ததே இல்லை. இப்போது எவ்வளவு வேலை இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அவளிடம் பேசாமல் தூங்கப் போவதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பாத்திரம் என்ன, அது ஏன் மெலிந்திருக்க வேண்டும் என்று அவர்களிடம் கேளுங்கள். கதை அதைக் கேட்கிறது என்றால் காரணம் சொல்வார்கள், நேரமும் கொடுப்பார்கள். இரண்டரை மாதம் வேண்டும், டாக்டர் மேற்பார்வையில்தான் செய்வேன் என்று தயங்காமல் சொல்லுங்கள். ஏற்கெனவே சாப்பாட்டைக் குறைத்திருந்து மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால், என்னைப் போல நான்கு மாதம் காத்திருக்காமல் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். சனிக்கிழமை உங்களுக்கு நாடகம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு மேடை ஏறுங்கள். எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த வாரம் படிக்கிறேன்.