கடலூர் பீச்சில் ஒரு கொலை: 7 கோடி ஆண்டாக மாறாத அதே ஸ்டைல்!

(தேவனாம்பட்டினம் சில்வர் பீச், காலை நேரம். உள்ளங்கையில் சின்ன ஓட்டை விழுந்த ஒரு மட்டி ஓடு.)

இந்த மட்டியைக் கொன்றது யார் என்று எனக்குத் தெரியும்.

கொலையாளி ஆள் இல்லை, ஆயுதமும் இல்லை. ஆனால் அவன் எந்தக் குடும்பம், ஏறக்குறைய எவ்வளவு பெரியவன், வேலையை எப்படி முடித்தான் என்று இந்த ஒரு ஓட்டையை வைத்தே சொல்லிவிடலாம். 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் இந்தக் குடும்பம் கடலுக்கடியில் இதே தொழிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது நம்ம ஊர்க் கடல், இன்றைய புதுச்சேரிக் கரையிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வழுதாவூரையும் மூடிக்கொண்டிருந்தது. வாங்க, விசாரணையை ஆரம்பிக்கலாம்.

முதலில் பாடப்புத்தகப் பகுதி, பத்து நொடியில் முடித்துவிடுகிறேன். கடலில் செத்த உயிரின் ஓடு சேற்றில் புதைகிறது, மேலே வண்டல் படிந்துகொண்டே போகிறது, காலப்போக்கில் எல்லாம் சேர்ந்து கல்லாகிறது. அதுதான் தொல்லுயிர் எச்சம், அதாவது ஃபாசில். முடிந்தது. தூங்கியவர்கள் எழுந்திருக்கலாம்.

(குளோசப்: ஓட்டை.)

இப்போது ஓட்டைக்கு வருவோம். சின்ன வயதில் இந்த மாதிரிச் சிப்பிகளைத் தேடித் தேடிப் பொறுக்கி நூலில் கோத்திருப்போம். யாரோ நமக்காகவே ஓட்டை போட்டு வைத்தது போல இருக்கும். இன்று காலை நான் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது மீன் கூடையோடு போன ஒரு அக்கா நின்று, "ஏம்பா, நல்ல சிப்பியே அவ்ளோ கெடக்கு, ஓட்டைச் சிப்பியா பாத்துப் பொறுக்குற?" என்று கேட்டார். "ஓட்டைதாங்கா வேணும்" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அக்கா, நீங்கள் இதைப் பார்த்தால், காரணம் இதுதான். ஓரத்தைக் கவனியுங்கள். வெளிப்பக்கம் அகலம், உள்ளே போகப் போகக் குறுகுகிறது, புனல் மாதிரி. ஸ்க்ரூ தலை மரத்துக்குள் உட்கார ஆசாரி குடைவாரே, அதே வடிவம். இது நாட்டிசிட் என்ற நத்தைக் குடும்பத்தின் கையெழுத்து. பளபளவென்று உருண்டையாக, பார்க்க அப்பாவியாக இருக்கும் நத்தை. மணலுக்கடியில் ஊர்ந்து போய் மட்டியைக் கண்டுபிடித்து, தன் பெரிய சதைப் பாதத்தால் அப்படியே போர்த்திப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஓட்டில் ஒரு இடம் பார்த்து, அமிலம் சுரக்கும் உறுப்பை வைத்து இளக்கும், அரம் போன்ற நாக்கால் சுரண்டும். மறுபடி இளக்கும், மறுபடி சுரண்டும். வேகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்! மட்டி உள்ளே உயிரோடு இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். நம்ம சீரியல் வில்லிகள்கூட இவ்வளவு பொறுமை இல்லை.

ஓட்டை நேர்க்குத்தாக, டிரில் மெஷின் போட்டது போல இருந்தால் சந்தேகம் முள்ளிச் சங்கு வகையறா மேல் போகும். ஓரம் கோணல்மாணலாகத் தேய்ந்திருந்தால் அது அலையும் மணலும் உரசிய வேலை, அந்தக் கேஸை மூடிவிடலாம். நாட்டிசிட் ஓட்டையின் அகலம் பெரிதாக இருந்தால் நத்தையும் பெரிது. இந்த நத்தைகள் தங்கள் இனத்தையே ஓட்டை போட்டுத் தின்னும் என்பது கூடுதல் தகவல். சொந்தக்காரர்கள் பிரச்சினை எல்லா இடத்திலும் இருக்கிறது.

இப்போது விஷயம். இதே புனல் ஓட்டை டைனோசர் காலக் கல்லிலும் இருக்கிறது. ராஜமுந்திரிப் பக்கம், டைனோசர் யுகம் முடிவதற்குக் கொஞ்சம் முந்தைய கடல் படிவுகளில் டரிட்டெல்லா நத்தைகள் கிடைக்கின்றன. முறுக்கிவிட்ட ஆணி மாதிரி நீளமாக இருக்கும். அவற்றில் இந்த ஓட்டைகள் ஏராளம். கொன்றவன், செத்தவன் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்து கோடிக்கணக்கான ஆண்டு ஆகிவிட்டது, ஆனால் யார் யாரைத் தின்றார்கள், எத்தனை பேர் மாட்டினார்கள் என்று கல்லை வைத்து எண்ண முடிகிறது. டைனோசர் எலும்பைப் பார்த்து வாயைப் பிளக்கிறோம், எனக்கென்னவோ ஒரு கடலின் சாப்பாட்டுக் கதையைச் சொல்லும் இந்தச் சின்ன ஓட்டைதான் பெரிய அதிசயம்.

"அண்ணா, திருவக்கரை கல்மரம் பற்றித்தானே பேசுகிறீர்கள்?" என்று கமெண்ட் போடப் போகிறவர்களுக்கு: இல்லை. அது ஆற்று வெள்ளம் உருட்டி வந்து புதைத்த மரங்கள், அதனால்தான் வேரும் கிளையும் காணோம். வயதும் சுமார் 2 கோடி ஆண்டுதான்.

(வழுதாவூர்ப் பக்கத்து வயல், சாலையோரம்.)

வழுதாவூர், கரசூர், சேதராப்பட்டு. பஸ் போர்டில் மட்டும் பார்த்த பெயர்கள், இல்லையா? புவியியல் படிக்கும் ஆட்களுக்கு இதெல்லாம் உலகப் புகழ் பெற்ற ஊர்கள். இங்கே கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் சேகரித்த தொல்லுயிர்களை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-இல் வெளியிட்டார். அதில் நிறைய அம்மோனைட்டுகள். சுருட்டிய ஓட்டுக்குள் கணவாய் போன்ற உயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது இனங்களுக்குப் பெயர் வேண்டுமே? மனுஷன் நம்ம ஊர்ச் சாமி பெயர்களாகவே வைத்துவிட்டார்! இந்திரா, வருணா, சூர்யா, பிரம்மா, விஷ்ணு, கணேசா. இன்றும் அறிவியல் பெயர்களில் அவை அப்படியே இருக்கின்றன. பெருமாளுக்கு இது புதிதில்லை. நேபாளத்துக் கண்டகி ஆற்றுச் சாளக்கிராமமும் அம்மோனைட்தான்.

இந்த இந்திரன், 'சூடோஃபில்லைட்டஸ் இந்திரா', கனடாவின் மேற்குக் கரையிலும் கிடைத்திருக்கிறான். வழுதாவூரில் ஒருவன், கனடாவில் ஒருவன் என்றால் இடையில் கடல் வழி திறந்திருந்தது, இவனும் பெரிய பயணி. இத்தனைக்கும் அன்று இந்தியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஒரு தனித் தீவு.

அன்றைய கடல் எவ்வளவு ஆழம் என்று கேட்டால், ஃபோராமினிஃபெரா என்ற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்களின் ஓடுகளை எண்ண வேண்டும். மிதக்கும் வகை அதிகம் என்றால் ஆழக்கடல், தரையில் வாழும் வகை அதிகம் என்றால் கரைக்கு அருகில். அந்தப் பெயரை 1826-இல் வைத்த பிரெஞ்சுக்காரர் தோர்பினியும் பின்னாளில் புதுச்சேரித் தொல்லுயிர்களை ஆராய்ந்தவர்தான். 2004 சுனாமி நம் கரையில் விட்டுப்போன மணலிலும் இந்த நுண் ஓடுகளைத்தான் தேடிப் பார்த்தார்கள்.

வெப்பநிலைக்கு ஓடே தெர்மாமீட்டர். தண்ணீர் குளிரக் குளிர, ஓட்டில் ஆக்சிஜன்-18 என்ற கனமான வகை கொஞ்சம் கூடுதலாகச் சேரும். வேதியியல் விஞ்ஞானி ஹெரால்ட் யூரியின் குழுவினர் 1951-இல் ஜுராசிக் காலக் கணவாய் இன உயிர் ஒன்றின் எச்சத்தை, அதன் பெயர் பெலெம்னைட், மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி அடுக்கடுக்காகச் சுரண்டி அளந்தார்கள். மூன்று கோடை, நான்கு குளிர்காலம் தெரிந்தது. சுமார் நாலு வயதில், வசந்த காலத்தில் செத்திருக்கிறது! என் தாத்தா பிறந்த மாதமே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஓடு புதைந்த பிறகு உள்ளே படிகம் மாறிப்போயிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அதனால் ஆய்வகத்தில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு வேண்டுகோள். வழுதாவூர் போய்ச் சுத்தியலோடு இறங்கிவிடாதீர்கள். எந்த அடுக்கில் இருந்தது என்ற விவரம் போய்விட்டால் அந்தக் கல் வெறும் ஷோகேஸ் பொருள். சில்வர் பீச் போய் ஒரு கை சிப்பி அள்ளி, எத்தனையில் புனல் ஓட்டை என்று எண்ணி கமெண்டில் போடுங்கள்.

(மறுபடி கடற்கரை. இன்னொரு மட்டி ஓடு.)

போவதற்கு முன் இதையும் பாருங்கள். குழிப்பணியாரக் கல் மாதிரி குழி மட்டும் இருக்கிறது, நடுவில் சின்ன மேடு, ஓட்டை மறுபக்கம் வரவில்லை. நத்தை பாதியில் விட்டிருக்கிறது. இவர் அன்றைக்குத் தப்பித்திருக்கிறார்.

அப்புறம் எப்படிச் செத்தார்? ஓரத்தில் இந்த உடைசலைப் பாருங்கள். எனக்கு நண்டு மேல்தான் சந்தேகம்.