விளக்கு எரிகிறதா, மக்களே?

(சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டி நாகர்கோவில் அருகே ஓர் ஊர் வாசகசாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பணி நெருக்கடிக்கு இடையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் அவர்களே, மாணவ மாணவியரைச் சைக்கிளோடு அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்த கண் மருத்துவர் அவர்களே, வாசகசாலைச் செயலாளர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். பத்து வயதில் இந்தத் திண்ணையில் செய்தித்தாள் வாசிக்க வந்தவன் நான். இன்று இதே திண்ணையில் ஒலிபெருக்கி முன் நிற்க இடம் தந்த நிர்வாகிகளுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி.

‘பையச் சென்றால் வையம் தாங்கும்’ என்பார்கள். எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. வையம் என்றால் உலகம். பழந்தமிழில் வண்டி என்றும் அதற்குப் பொருள் உண்டு. நிதானமாகப் போகிறவனை உலகமும் தாங்கும், வண்டியும் தாங்கும். சைக்கிளுக்கென்றே பிறந்த பழமொழி!

விதி, விளக்கு, பிரேக், பாதை என்று நான்கு செய்திகள் பேச வந்திருக்கிறேன்.

முதலில் விதி. சைக்கிள் மிதிக்க ஓட்டுநர் உரிமம் வேண்டாம். அந்தக் காலத்தில் உள்ளாட்சியில் வரி கட்டித் தகட்டு வில்லை மாட்டினோம். அதுவும் போய்விட்டது. உரிமம் வேண்டாம் என்றால் விதியும் வேண்டாம் என்று பலர் எடுத்துக்கொண்டதுதான் என் வருத்தம். இடப்பக்கம்தான் போக வேண்டும். சிவப்பு விளக்கு சைக்கிளுக்கும் சிவப்புதான். வலப்பக்கம் திரும்புமுன் பின்னால் பார்த்து, வலக்கையை நீட்ட வேண்டும். வேகம் குறைப்பதானால் நீட்டிய கையை, உள்ளங்கை தரையைப் பார்க்க, மேலும் கீழும் அசைக்க வேண்டும். நாகர்கோவில் வடசேரியில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கை காட்டித் திரும்புகிற ஒருவரையாவது பார்த்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

தோளில் கைபோட்டு மூவர் வரிசையாகப் போகும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? கணவாய்க் காற்று பக்கவாட்டில் தள்ளும். நாமும் காற்றின் பக்கம் சாய்ந்து மிதிப்போம். ஒரு லாரி நம்மைக் கடக்கும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். லாரி போனதும் மறுபடி அறையும். அந்த நொடியில் இரண்டு கையும் கைப்பிடியில் இருக்க வேண்டும். தோழன் தோளில் இருந்தால் இருவரும் விழுவீர்கள்.

விளக்குக்கு என் கதையையே சொல்கிறேன். எனக்கு அப்போது பதினாறு வயது. வீடு இரணியலில். திங்கள்சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வாங்கி, மூட்டையைக் கேரியரில் கட்டி, இருட்டிய பிறகு இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். விளக்கை எரியவைக்கும் டைனமோ பழுதாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. தெரிந்த சாலைதானே என்ற துணிச்சல். மீன் விற்றுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, தலையில் கடவத்தோடு, அதாவது மீன் கூடையோடு, ஓரமாக நடந்துகொண்டிருந்தார். மணியடித்தேன். அவர் ஒதுங்கிய பக்கமே நானும் ஒதுங்கினேன். மோதிவிட்டேன். டீக்கடையின் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், விற்காமல் மிஞ்சிய சாளை மீன்கள் தார்ச்சாலையில் மினுங்கிக் கிடந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. மூட்டை அவிழ்ந்து கிழங்கும் அதோடு உருண்டது.

பாட்டியின் முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் ஓடியது. கடைக்காரர் கை ஓங்கிக்கொண்டு வந்தார். பாட்டி அவரைத் தடுத்து, “மக்களே, உனக்கு அடிபட்டதா?” என்று என்னைக் கேட்டார். எங்கள் ஊரில் பிள்ளையை ‘மக்களே’ என்றுதான் அழைப்பார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. “மணி அடித்தேனே பாட்டி” என்றேன்.

“அடித்தாய், கேட்டது. நீ எந்தப் பக்கம் வருகிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியாமல் வருகிறவனுக்கு யார் வழிவிட முடியும்?”

மறுநாள் அப்பா என்னை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். பாட்டி மீனுக்கு உள்ள காசை மட்டும் வாங்கிக்கொண்டார். காலுக்கென்று அப்பா நீட்டியதைத் தொடவில்லை. “அதில் பிள்ளைக்கு விளக்கு வாங்கிப் போடுங்கள்” என்றார். அன்றே புது டைனமோ மாட்டினோம். அதன் பிறகு எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் நாளெல்லாம் கடவத்தை இறக்கிவைத்துவிட்டு, என் சைக்கிள் விளக்கை விரலால் தட்டிப் பார்த்து, “விளக்கு எரிகிறதா, மக்களே?” என்று கேட்பார். கேட்டுவிட்டுத்தான் மீன் எடுத்துத் தருவார். அந்தக் கால் கடைசிவரை சரியாகவில்லை. சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார்.

ஆய்வாளர் ஐயா அவர்கள் அடுத்த பணிக்குக் கிளம்ப வேண்டும் என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். செயலாளர் அவருக்குப் பொன்னாடை அணிவிக்கிறார். கைதட்டலாம். பிரேக் பற்றிப் பிறகு பேசலாம். ஐயா இருக்கும்போதே பாதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீநகரில் தொடங்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் கன்னியாகுமரியில்தான் முடிகிறது. களியக்காவிளையிலிருந்து 66-ஆம் எண் நெடுஞ்சாலை மார்த்தாண்டம், தக்கலை வழியாக வருகிறது. மாவட்டத்தின் பரப்போ ஏறக்குறைய 1,670 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 18 லட்சத்து 70 ஆயிரம். பல இடங்களில் வீட்டு வாசற்படியே சாலையோரம். இதில் சைக்கிள் எங்கே போகும்? பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. மனமார வரவேற்கிறேன். பையச் சென்றால் வையம் தாங்கும், சரி. பையச் செல்ல வழி வேண்டாமா?

வழி நம் கண்முன்னே இருக்கிறது. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையும் அதைச் சேர்ந்த கோதையாறு பாசனமும் நமக்கு நீரோடு கரைகளையும் தந்திருக்கின்றன. அனந்தனாறு சானல்கரையில் நடந்து பாருங்கள். மரநிழல் உண்டு, ஏற்ற இறக்கம் குறைவு. புதரை வெட்டி, நீர்ப்பக்கம் தடுப்பு வைத்து, மோட்டார் வண்டி நுழையாதபடி கல் ஊன்றி, சோலார் விளக்குப் போட்டால் பிள்ளைகள் நெடுஞ்சாலையைத் தொடாமலே பள்ளிக்குப் போகலாம். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்திருக்கிறோம். மறுபடியும் கொடுக்கப்போகிறோம்.

கையெழுத்து நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. பெரியவர்கள் இருந்து கையெழுத்திட்டுப் போங்கள். சைக்கிளில் வந்த பிள்ளைகள் காத்திருக்க வேண்டாம். மணி ஐந்தரை ஆகிறது, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள். விளக்கு இல்லாதவர்கள் மட்டும் வண்டியை இங்கேயே விட்டுவிட்டு, என்னோடு பஸ்ஸுக்கு வாருங்கள்.