அரசு வேறு, அரசாங்கம் வேறு

வணக்கம் நேயர்களே.

அரசைப் பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டதும் உடனே ஒத்துக்கொண்டேன். பல வருடங்களாக வகுப்பறையில் சொல்லிச் சொல்லியும் இன்னும் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லையே என்று எனக்குத் தோன்றிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் இதில் இருக்கிறது. அரசு என்பது ஒன்று, அரசாங்கம் என்பது இன்னொன்று. பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே புழங்குகிறோம். 'அரசு அறிவித்தது' என்கிறோம், 'அரசு கவிழ்ந்தது' என்கிறோம். கவிழ்ந்தது அரசாங்கம்தான். அரசே கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன். ஆட்சியில் இருப்பவர்களைக் குறை சொன்ன ஒருவரை 'நீ நாட்டுக்கே எதிரி' என்று மிரட்ட முடிகிறதே, அந்த மிரட்டல் எடுபடுவது இந்த இரண்டு சொற்களும் நம் மனதில் குழம்பிக் கிடப்பதால்தான்.

அரசு என்றால் என்ன என்பதற்குச் சர்வதேசச் சட்டத்தில் அடிக்கடி காட்டப்படும் வரையறை 1933இல் உருகுவே நாட்டின் மான்டிவிடியோவில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருக்கிறது. நிலையாக வாழும் மக்கள், ஒரு நிலப்பரப்பு, ஓர் அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன் என நான்கு. கவனியுங்கள், அரசாங்கம் அந்த நான்கில் ஒன்று, அவ்வளவுதான்.

சரி, ஏட்டை விட்டுவிட்டு நடந்ததைப் பார்ப்போம். பெல்ஜியத்தில் 2010 ஜூனில் தேர்தல் நடந்தது. கட்சிகளுக்குள் உடன்பாடு வரவில்லை. புதிய அரசாங்கம் பதவியேற்க 541 நாட்கள் ஆயின. பழைய அமைச்சரவை காபந்து அரசாங்கமாக உட்கார்ந்திருந்தது, ஆனால் பள்ளிகள் நடந்தன, ஓய்வூதியம் போய்ச் சேர்ந்தது, நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொன்னன, இடையில் 2011இல் லிபியா மீதான ராணுவ நடவடிக்கைக்கு அந்த நாடு போர் விமானங்களைக்கூட அனுப்பியது. அரசு ஓடிக்கொண்டே இருந்தது, ஓட்டுவது யார் என்பதுதான் முடிவாகவில்லை.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். முதல் உலகப் போரின் இழப்பீட்டைக் கட்டுவதற்காக ஜெர்மனி 1924லும் 1930லும் வெளிநாடுகளில் கடன் பத்திரங்கள் விற்றது. விற்ற அரசாங்கம் கொஞ்ச காலத்தில் போய்விட்டது. அடுத்து வந்த ஹிட்லர் கட்ட முடியாது என்றான். அப்புறம் இன்னொரு போர், தோல்வி, நாடு இரண்டாகப் பிளந்தது, மறுபடி சேர்ந்தது. அந்தப் பத்திரங்களின் கடைசித் தவணை கட்டப்பட்ட நாள் 2010 அக்டோபர் 3. கடன் வாங்கியவர்களில் ஒருவர்கூட அன்று உயிரோடு இருந்திருக்க மாட்டார். 'அது அவர்கள் வாங்கியது, எங்களுக்கென்ன' என்று சொல்ல முடியாது, ஏனென்றால் வாங்கியது அரசு, கையெழுத்துப் போட்டது மட்டும்தான் அரசாங்கம்.

பால்டிக் கடலோரத்தில் இருக்கும் சிறிய ஐரோப்பிய நாடான எஸ்தோனியா இதற்கும் ஒரு படி மேலே. 1940இல் சோவியத் ஒன்றியம் அதை விழுங்கியது. மண் போயிற்று, அரசாங்கம் போயிற்று. ஆனால் அமெரிக்கா அந்த இணைப்பை ஏற்கவே இல்லை. நியூயார்க்கில் எஸ்தோனியத் துணைத் தூதரகம் 1991 வரை திறந்தே இருந்தது, வரைபடத்தில் இல்லாத நாட்டின் பெயரால் கடவுச்சீட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. அரை நூற்றாண்டு அந்த மேசையை விட்டு எழுந்துபோகாதவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

இப்போது, இந்த அரசு எதற்கு என்ற கேள்விக்கு வருவோம்.

ஒரு நிலப்பரப்புக்குள் பலத்தைப் பயன்படுத்தும் உரிமை எனக்கு மட்டும்தான் என்று சொல்லி, அதை மற்றவர்கள் ஏற்கவும் வைத்திருக்கும் அமைப்புதான் அரசு என்று 1919இல் ஓர் உரையில் சொன்னார் ஜெர்மன் சமூகவியலாளர் மேக்ஸ் வெபர். கேட்க இனிமையாக இல்லை, ஆனால் உண்மை. அரசின் பிறப்பிலேயே கணக்கும் வசூலும் இருக்கின்றன. மெசொப்பொத்தேமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், ஊருக் நகரத்தில் கிடைத்த, ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய களிமண் பலகைகளில் பெரும்பாலும் இருப்பது பாட்டோ கதையோ இல்லை, எவ்வளவு தானியம் வந்தது, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற கணக்குத்தான். ஆகவே அரசு ஏதோ அன்பில் பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அது வைத்திருக்கும் பலம் யாருக்குப் பயன்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

சோமாலியாவைப் பாருங்கள். பெரியம்மை என்ற நோய் இயற்கையாகப் பரவிக் கடைசியாக ஒருவரைத் தொற்றியது 1977இல், அந்த நாட்டில்தான். உலக சுகாதார நிறுவனத்தின் ஆட்களும் உள்ளூர்ச் சுகாதார ஊழியர்களும் நாடோடி மேய்ப்பர்களின் பின்னாலேயே அலைந்து, ஒவ்வொரு நோயாளியாகத் தேடி, தனிமைப்படுத்தி, சுற்றியிருந்தவர்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 1980இல் அந்த நோய் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கடைசி நோயாளியைத் தேடிப் போவதில் எந்த வியாபாரிக்கும் லாபம் கிடையாது. முதல் ஆயிரம் பேருக்கு ஊசி விற்கலாம், ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருக்கும் அந்த ஒருவரைத் தேடிப் போக யார் காசு கொடுப்பார்கள்? அரசுகள்தான் அதைச் செய்ய முடியும். காசு இருப்பவர் காவலாளி வைத்துக்கொள்வார், மருத்துவரை வீட்டுக்கே வரவழைப்பார். இல்லாதவருக்கு இருப்பது பொதுவில் இருப்பது மட்டும்தான்.

அதே சோமாலியாவில் 1988இல் ஆட்சியாளர்கள் தங்கள் சொந்த நாட்டின் ஹர்கீசா நகரத்தின் மீதே விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். மக்களைக் காக்க மக்கள் பணத்தில் வாங்கிய விமானங்கள். 1991இல் அந்த ஆட்சி விழுந்தபோது அதனோடு சேர்ந்து அரசும் நொறுங்கிப்போனது. ஆட்சியாளர்கள் தங்களையும் அரசையும் ஒன்றாக்கி வைத்திருந்ததால், அவர்களை மட்டும் பிடுங்கி எறிய வழியில்லை. ஐ.நா.வில் அந்த நாட்டின் உறுப்புரிமை மட்டும் அப்படியே இருந்தது. 1992 பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களுக்கு வந்த உணவை ஆயுதக் குழுக்கள் கொள்ளையடித்தன, தடுக்க ஆளில்லை. அரசே வேண்டாம் என்று சொல்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, அந்தக் கோபத்துக்கு ஹர்கீசா போதும். ஆனால் அந்தப் பஞ்சத்தில் முதலில் செத்தவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். கொடுங்கோலரைப் போலவே கொடுங்கோலர் போன பிறகு வந்த வெறுமையும் பலவீனமானவர்களைத்தான் முதலில் தின்றது.

அதனால்தான் இரண்டையும் பிரித்து வைப்பது உயிர் போகிற விஷயம் என்கிறேன். தேர்தல், சுதந்திரமான நீதிமன்றம், கணக்குத் தணிக்கை, பத்திரிகை என்று நாம் கட்டி வைத்திருப்பதெல்லாம் அரசு நிற்க, அரசாங்கத்தை மட்டும் மாற்றுவதற்கான வழிகள். இவற்றில் ஒன்றில் கை வைப்பவரை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன், அவர் எனக்குப் பிடித்த கட்சிக்காரராக இருந்தாலும்.

அரசுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் இருக்கும் கோடு அழிகிறது என்பதற்கு ஒரு துல்லியமான அடையாளம் இருக்கிறது, உறுதிமொழி. 1934 ஆகஸ்டு வரை ஜெர்மனியில் அரசு ஊழியர்கள் அரசியல் சட்டத்தையும் சட்டங்களையும் மதித்து நடப்பதாகச் சொன்னார்கள். அந்த மாதம் வந்த சட்டம் அந்த வாசகத்தையே மாற்றியது. ஊழியர்களும் சிப்பாய்களும் ஹிட்லர் என்ற மனிதனின் பெயரைச் சொல்லி உறுதி எடுக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் பல அதிகாரிகள், மனசாட்சி உறுத்தியபோதும், அந்தச் சத்தியத்தைக் காரணம் காட்டியே கீழ்ப்படிந்தார்கள்.

1956இல் மேற்கு ஜெர்மனி தன் புதிய ராணுவத்துக்குச் சட்டம் எழுதியபோது சிப்பாயின் உறுதிமொழியில் எந்த மனிதரின் பெயரும் இல்லை. குடியரசுக்கு விசுவாசமாகச் சேவை செய்வேன், மக்களின் உரிமையையும் சுதந்திரத்தையும் காப்பேன் என்று இருந்தது. அதே சட்டத்தில் இன்னொரு விதியும் எழுதினார்கள்: மனித கண்ணியத்துக்கு விரோதமான உத்தரவுக்குச் சிப்பாய் கீழ்ப்படியத் தேவையில்லை, குற்றம் செய்யச் சொல்லும் உத்தரவுக்குக் கீழ்ப்படியவே கூடாது.