புயல் போன பிறகு வந்த தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானின் இலையுதிர்காலத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சிவந்த மேப்பிள் இலை, கியோட்டோ கோயில், தெளிந்த வானம் என்று எதிர்பார்த்திருப்பார்கள். டோக்கியோ பக்கத்தில் அதெல்லாம் நவம்பர் கடைசிச் சமாச்சாரம். அதற்கு முன்னால் அக்டோபர் என்று ஒரு மாதத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது. நான் அந்த மாதத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன், குறிப்பாக 2019 அக்டோபரைப் பற்றி.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஜப்பானில் மழைக்காலம் எது என்று கேட்டால் ஜூன் என்பார்கள். ஆனால் 1991 முதல் 2020 வரையிலான சராசரியை எடுத்துப் பார்த்தால், டோக்கியோவில் அதிகம் மழை கொட்டும் மாதம் அக்டோபர்தான். ஜூனில் சுமார் 17 சென்டிமீட்டர் என்றால் அக்டோபரில் 23-க்கும் மேல். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கத் தொடங்கிவிடும், தெற்கே கடலோ இன்னும் கோடையின் சூட்டை விட்டிருக்காது. இரண்டும் சந்திக்கிற எல்லை நாட்டின் நீளத்துக்கும் படுத்துக்கொண்டு நாள்கணக்கில் தூறும். அந்த நேரம் பார்த்துத் தெற்கிலிருந்து ஒரு புயல் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்தால் கேட்கவே வேண்டாம். வெப்பநிலையும் ஊருக்கு ஊர் மாறும். அக்டோபரில் ஒகினாவாவின் நாஹாவில் சராசரி 25 டிகிரியைத் தாண்டும், ஹொக்கைடோவின் சப்போரோவில் 12. ஒரே செய்தியறிக்கையில் ஒரு நிருபர் அரைக்கைச் சட்டையிலும் இன்னொருவர் கம்பளிக் கோட்டிலும் நிற்பதைப் பார்க்கலாம்.

2019-க்கு வருவோம். ஜப்பானில் புயலைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு, அந்த வருடத்தில் எத்தனையாவது என்று எண் சொல்வார்கள். செப்டம்பர் 9 அதிகாலையில் 15-ஆம் எண் வந்தது. உலகம் அதை ஃபாக்ஸாய் என்றது. டோக்கியோவுக்குக் கிழக்கே உள்ள சிபா நகரில் காற்று நொடிக்கு 57.5 மீட்டர் வேகத்தில் வீசியது, அதாவது மணிக்கு 207 கிலோமீட்டர். கூரை ஓடுகள் பறந்தன, மின்கோபுரங்கள் சாய்ந்தன, ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் மின்சாரம் போனது. சில இடங்களில் திரும்பி வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அக்டோபர் பிறந்தபோதும் சிபா மாநிலத்தின் தென்பகுதியில் வீட்டுக் கூரைகள்மேல் நீலநிறத் தார்ப்பாய்தான் கிடந்தது.

அதனால் புயல் என்றால் எல்லோர் மனதிலும் காற்றுதான் நின்றது. ஒரு மாதம் கழித்து 19-ஆம் எண் வருகிறது என்றதும் கடைகளில் முதலில் தீர்ந்தது ஜன்னல் கண்ணாடியில் குறுக்கே ஒட்டுகிற டேப். அப்புறம் ரொட்டி, குடிநீர், பேட்டரி. டோக்கியோவில் எங்கள் தெருக்கோடி சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டி அடுக்கு முழுக்கக் காலி. அடுத்த அடுக்கில் கறிப்பொடியும் பருப்பும் தொடாமல் இருந்தன. எங்களுக்கு அது போதுமே!

அந்த 19-ஆம் எண்தான் ஹகிபிஸ். அக்டோபர் 6-ஆம் தேதி மேற்குப் பசிபிக்கில் உருவானது. மறுநாள், சூடான கடல்மேல் வரும்போது, ஒரே நாளில் அதன் மைய அழுத்தம் 77 ஹெக்டோபாஸ்கல் சரிந்து 915-க்கு வந்தது. மைய அழுத்தம் குறையக் குறையப் புயல் வலுக்கும்; அவ்வளவு வேகமாக ஒரு புயல் வலுப்பெறுவது அபூர்வம். 11-ஆம் தேதி ஜப்பான் வானிலை முகமை செய்தியாளர்களைக் கூட்டி, 1958-இன் கனோகாவா புயலுக்கு நிகரான மழை வரலாம் என்று சொன்னது. வயதானவர்களுக்கு அந்தப் பெயர் போதும். அந்தப் புயலில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 1,269 பேர்.

கவனியுங்கள், முகமை சொன்னது மழையைப் பற்றி. ஜனங்கள் ஒட்டிக்கொண்டிருந்தது ஜன்னலை.

12-ஆம் தேதி சனிக்கிழமை. ரயில் கம்பெனிகள் முன்கூட்டியே அறிவித்துவிட்டு வண்டிகளை நிறுத்தின. டோக்கியோ மாதிரி ஓர் ஊரில் ரயில் இல்லையென்றால் ஆள் நடமாட்டமே இல்லை. நான் இருப்பது டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், எதோகாவா வட்டத்தில். இங்கே நிஷிகசாய் என்ற பகுதியில் நம் ஆட்கள் நிறைய. 2000-ஐ ஒட்டி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குடியேறி, இன்று தமிழ் கேட்காத சாயங்காலம் கிடையாது. இந்த வட்டத்தின் நிலம் முக்கால்வாசி, கடல் பொங்கும் நேரத்து நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2019 மே மாதம் வட்டார நிர்வாகம் வீடுவீடாகக் கொடுத்த வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே, "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சடித்திருந்தார்கள். ஒரு முனிசிபாலிட்டி தன் ஊரைப் பற்றி அப்படி எழுதிப் பார்த்ததுண்டா? சிரித்தவர்களும் உண்டு, கோபப்பட்டவர்களும் உண்டு. அந்தச் சனிக்கிழமை, வட்டத்தின் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு வெளியேறும்படி அறிவுரை வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. 35,000 பேர் வரை பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். எதிர்வீட்டு அம்மாள், எண்பது வயதைத் தாண்டியவர், கதவைத் தட்டி, "குளியல் தொட்டியை நிரப்பிவிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தண்ணீர் நின்றுபோனால் கழிப்பறைக்கு வேண்டுமே. வெள்ளத்துக்குப் பயந்து தண்ணீரைச் சேமிக்கிற விநோதம்.

இரவு ஏழு மணிக்கு, டோக்கியோவுக்குத் தென்மேற்கே உள்ள இஸு தீபகற்பத்தில் புயல் கரையேறியது. மழைக்கணக்கு அதற்கு முன்பே முடிந்த மாதிரிதான். சாகாமி விரிகுடாவிலிருந்து வந்த ஈரக்காற்று நேராக ஹக்கோனே மலையில் முட்டி மேலே ஏறிக் குளிர்ந்து கொட்டியது. நம் ஊர்ச் சுற்றுலாக் கூட்டம் ஃபூஜி மலையைப் பார்க்கப் போகிற அதே வெந்நீரூற்று ஊர். அங்கே அன்று ஒரே நாளில் 92 சென்டிமீட்டர். சரியாகச் சொன்னால் 922.5 மில்லிமீட்டர். ஜப்பானில் ஒரு நாளில் அளக்கப்பட்ட அதிகபட்ச மழை அதுதான். டோக்கியோவின் அக்டோபர் சராசரியைப் போல நாலு மடங்கு. வானிலை ஆய்வாளர்கள் பின்னர், 1980-லிருந்து ஏறிய வெப்பத்தை மட்டும் கழித்துவிட்டு இதே புயலை மறுபடி கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, மழை சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்தது.

இஸுவில் ஒரு நல்ல கதை உண்டு. 1958-இல் பேரழிவு நடந்த அதே கனோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இந்த முறை அன்றையதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மழை பெய்தது. ஆனால் ஆறு கரையைத் தாண்டிப் பெரிதாகப் புகவில்லை. 1965-இல் வெட்டி முடித்த சுமார் மூன்று கிலோமீட்டர் மாற்றுக் கால்வாய், வெள்ளத்தை நடுவழியிலேயே கடலுக்குத் திருப்பிவிட்டது.

டோக்கியோவில் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மழை விட்டுவிட்டது. காற்றும் அடங்கியது. "அவ்வளவுதானா?" என்று வாட்ஸ்அப் குழுவில் செய்திகள் வர ஆரம்பித்தன. சரியாக அந்த நேரத்தில்தான், 21:17-க்கு, ஊருக்கு வடக்கே இவாபுச்சி மதகை மூடினார்கள், 12 வருடத்தில் முதல் முறையாக. அரகாவா ஆற்றின் தண்ணீர் நகரத்தின் நடுவே போகும் சுமிதா ஆற்றுக்குள் நுழையாமல் தடுக்கிற மதகு அது. எங்கள் வட்டத்தை ஒட்டி ஓடும் அரகாவா இயற்கை ஆறே இல்லை. 1910 வெள்ளத்துக்குப் பிறகு 22 கிலோமீட்டருக்கு வெட்டி 1930-இல் முடித்த வாய்க்கால். அதன் பொறியாளர் அகிரா அஓயாமா, பனாமா கால்வாயில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். மதகருகே நீர்மட்டம் உச்சத்தைத் தொட்டது மறுநாள் காலை பத்து மணி வாக்கில், 7.17 மீட்டர். அப்போது வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. பால்கனிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். புயல் போவது ஒரு நேரம், தண்ணீர் வருவது வேறு நேரம். மலையில் விழுந்த மழை கீழே நடந்துவர மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். டிவியில் புயல் சின்னம் கடலுக்குள் போய்விட்டதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் படுக்கப் போகிற நேரத்தில் ஆறு வளர்கிறது.

டோக்கியோவுக்கு வடக்கே கசுகாபே என்ற ஊரில் தரைக்கு 50 மீட்டர் அடியில் 6.3 கிலோமீட்டர் சுரங்கம் ஒன்று இருக்கிறது. ராட்சதத் தூண்கள் நிற்கும் அதன் தொட்டியை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். சிற்றாறுகளின் உபரி நீரை விழுங்கி 'எதோ' என்ற பெரிய ஆற்றில் இறைத்து ஊற்றுகிற ஏற்பாடு. அந்தப் புயலில் மட்டும் சுமார் 1 கோடியே 20 லட்சம் கனமீட்டர் இறைத்தது. யோகொஹாமாவின் பெரிய விளையாட்டரங்கத்தைத் தூண்கள்மேல் கட்டியிருப்பதும் இதே யோசனைதான், அதன் அடியில் இருப்பது சுருமி ஆற்றின் வெள்ளத்தை வாங்கி வைக்கும் பள்ளம். 13-ஆம் தேதி அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்க, மேலே ரக்பி உலகக் கோப்பையில் ஜப்பான் ஸ்காட்லாந்தை 28-21 என்று தோற்கடித்து முதல் முறையாகக் காலிறுதிக்குப் போனது.

எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. டோக்கியோவை ஒட்டிய கவாசாகி நகரின் முசாஷி கொசுகியில் தாமா ஆற்று நீர் மழைநீர்க் குழாய் வழியாகப் பின்னோக்கி ஏறித் தெருவுக்கு வந்தது. ஓர் அடுக்குமாடிக் கோபுரத்தின் நிலவறையில் இருந்த மின்பலகை மூழ்க, நாற்பதுக்கும் மேற்பட்ட மாடிகளுக்கு லிஃப்ட் இல்லை, கழிப்பறைத் தண்ணீர் இல்லை. விலை உயர்ந்த வீடுகள், படியேறித்தான் போக வேண்டும்.

டோக்கியோவுக்கு வடமேற்கே, மலைகளுக்கு நடுவே உள்ள நாகானோவில் நடந்ததுதான் மனதை விட்டுப் போகவில்லை. ஜப்பானில் மழை குறைவான ஊர்களில் அது ஒன்று, வருடத்துக்கே ஒரு மீட்டர் தேறாது. ஆனால் கிழக்கு மலைகளில் கொட்டிய அத்தனையும் சிக்குமா ஆற்றில்தான் இறங்கியாக வேண்டும். நகரத்தைத் தாண்டியதும் ஆறு ஒரு குறுகலான பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது, அகலமாக வந்த தண்ணீர் அங்கே போக வழியில்லாமல் பின்னுக்குத் தேங்கும். 13-ஆம் தேதி விடியுமுன், ஹொயாசு என்ற ஆப்பிள் கிராமத்தருகே கரை 70 மீட்டருக்கு உடைந்தது. அறுவடைக்கு நின்ற ஆப்பிள் மரங்கள் சேற்றில் நின்றன. பக்கத்தில் அதிவேக ரயில்களை நிறுத்தும் பணிமனை. பத்து ரயில்கள், 120 பெட்டிகள், ஜன்னல் வரை தண்ணீரில் நின்ற படத்தை உலகமே பார்த்தது. அத்தனையையும் கடைசியில் உடைத்துத்தான் போட்டார்கள். அபாய வரைபடத்தில் அந்த இடம் ஆழமாக மூழ்கும் பகுதி என்று முன்பே குறித்திருந்தது. அருகிலிருக்கும் கோயிலில் 1742 வெள்ளம் எட்டிய உயரத்தைக்கூடக் கம்பத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள். வரைபடத்தையும் கம்பத்தையும் பார்க்காமல் ரயில்களை அங்கேயே விட்டது எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதே காலை உவேதா ஊரில் சிவப்பு ரயில் பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது.

கரை உடைந்த அந்த அதிகாலையிலேயே நாகானோவுக்கான உச்சகட்ட மழை எச்சரிக்கையை விலக்கிவிட்டார்கள். மழை நின்றுவிட்டது, விலக்கியது விதிப்படி சரி. ஆனால் "விலக்கப்பட்டது" என்ற செய்தியைக் கேட்டவர்களில் பலர், ஆபத்து முடிந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். 2020-லிருந்து வானிலை முகமை அந்தச் சொல்லைத் தவிர்த்து, கீழ்நிலை எச்சரிக்கைக்கு மாற்றப்படுகிறது என்று சொல்கிறது. கூடவே ஆறுகள் இனிமேல் எப்படி உயரும் என்பதையும் அறிவிக்கிறது.

மொத்தத்தில் 71 ஆறுகளில் சுமார் 140 இடங்களில் கரை உடைந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அதிகம் ஃபுகுஷிமாவில்.

மாதம் அதோடு முடியவில்லை. 25-ஆம் தேதி, 21-ஆம் எண் புயல் கிழக்கே கடலிலேயே விலகிப் போய்க்கொண்டிருந்தது. அது அனுப்பிய ஈரமும் எங்கள் பக்கம் வந்த ஒரு தாழ்வழுத்தமும் சேர்ந்து, தார்ப்பாய்க் கூரைகள் மாறாத அதே சிபாவில், ஏற்கனவே ஊறிய மண்ணில், சில இடங்களில் அரை நாளில் ஒரு மாத மழையைக் கொட்டின. இந்த முறை ரயிலை யாரும் முன்கூட்டி நிறுத்தவில்லை, கடையில் டேப்பும் தீரவில்லை. வெள்ளிக்கிழமை, எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். இறந்தவர்களில் பலர் காரில் போய்க்கொண்டிருந்தபோது தண்ணீரில் சிக்கியவர்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.